கொக்குகள் தோற்கும் வரை

ஏப்ரலில் ஜெயிக்கிறவனை நம்பக் கூடாது என்பது லோரன் ஹாகனின் கட்சி. அறுபத்தாறு வயதில் அவர் மாற்றிக்கொள்ளாமல் வைத்திருந்தது அது ஒன்றைத்தான். ஓட்டுப் போடும் கட்சியை இரண்டு முறை மாற்றியிருக்கிறார். வேலையை எத்தனையோ முறை மாற்றியிருக்கிறார். மனைவி அவரையே மாற்றிவிட்டு வேறொருவரோடு போய்ச் சேர்ந்துவிட்டாள். லேக்போர்ட் ஹெரன்ஸ் பேஸ்பால் அணி மட்டும் சிறு வயதிலிருந்து அவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சட்டையின் நெஞ்சில் ஒரு கொக்கு நிற்கும். அதனால் ஏரிக்கரை முழுக்க அவர்களைக் கொக்குகள் என்றுதான் சொல்வார்கள், பாசமாகவும் வயிற்றெரிச்சலாகவும்.

போன வருடம் கொக்குகள் கடைசி இடம். அதற்கு முந்தைய வருடமும் அப்படித்தான். இந்த வருடம் என்ன மாயமோ, பனி முழுசாகக் கரைவதற்குள் ஜெயிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆர்லோவின் காபிக்கடையில் ஊரே பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தது. லோரன் மட்டும் முட்டைத் தட்டைப் பார்த்தபடி தலையை ஆட்டினார்.

"என்னய்யா, முகத்தை இப்படி தொங்கப் போட்டுட்டு இருக்கே? நம்ம ஆளுங்க முதல் இடத்துல இருக்கானுங்க" என்றான் ஆர்லோ.

"யாரை வெச்சு முதல் இடம்? பந்து போடுற கிழவனுக்கு முழங்கையில ரெண்டு ஆபரேஷன். எவனும் வேணாம்னு தள்ளினவனைக் கூட்டிட்டு வந்து நடுவுல நிறுத்தியிருக்கானுங்க. நேத்து ஜெயிச்சதே பந்து கல்லுல பட்டு எகிறினதால. கல்லு தினமும் நம்ம பக்கம் இருக்குமா?"

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?"

"மே மாசம் வரட்டும். அப்ப பேசு."

கடையில் சிரித்தார்கள். லோரன் சிரிக்கவில்லை. அவர் விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை. அந்த அணி தோற்கும் என்பதில் அவருக்கு இருந்த நம்பிக்கை பலருக்குக் கடவுள் மேல்கூட இருக்காது.

அந்த நம்பிக்கைதான் அவரைக் கெடுத்தது.

அக்கா மார்லிஸ் நாற்பது நிமிடத் தொலைவில், அடுத்த ஏரியோரம் இருந்தாள். வாழ்நாளெல்லாம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். அவள் போடும் ஒரு அதட்டலில் பேருந்தின் கடைசி சீட்டு வரைக்கும் வால் சுருட்டும். இப்போது நுரையீரல் போய்விட்டது. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய், முன்னறையில் கட்டில், ஜன்னலோரம் ரேடியோ. இனி ஆஸ்பத்திரி வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். மகள் ஜோலின் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு கூடவே இருந்தாள்.

சீசனின் முதல் வாரத்தில் லோரன் போய் அக்காவின் கட்டிலருகே உட்கார்ந்து ஆட்டம் கேட்டார். கொக்குகள் தோற்றார்கள். மறுநாளும் போனார். கையில் இருந்த ஆட்டத்தைக் கடைசி இன்னிங்ஸில் தூக்கிக் கொடுத்துவிட்டுத் தோற்றார்கள். மூன்றாம் நாள் பழுதுபார்க்க வந்த ஒரு படகு மோட்டாரைப் பிரித்துப்போட்டிருந்ததால் போக முடியவில்லை. ஜெயித்தார்கள். நான்காம் நாளும் அப்படியே. ஐந்தாம் நாள் காலையில் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"டேய், நீ வராதே."

"ஏன்?"

"ஏன்னு கேக்குறான் பாரு. நீ வந்தா தோக்குறானுங்க, வரலேன்னா ஜெயிக்கிறானுங்க. தோத்த அன்னிக்கு வா. அதுவரைக்கும் இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்காதே."

"ஆட்டம் இல்லாத நாள்ல வரலாமில்ல?"

"ஜெயிச்சுட்டு இருக்கும்போது எதையும் மாத்தக் கூடாதுடா. நீ என்ன நேத்துப் பொறந்தவனா?"

வேறு ஊர்க்காரன் இதைக் கேட்டால் வாய்விட்டுச் சிரிப்பான். ஏரிக்கரையில் யாரும் சிரிக்க மாட்டார்கள். அணி வரிசையாக ஜெயிக்கும்போது ஆர்லோ தொப்பியைத் துவைக்க மாட்டான். பாதிரியார் சவரம் செய்ய மாட்டார். ஜெயித்த அன்று எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாயோ அதிலேயே உட்கார வேண்டும், கால் மரத்துப்போனாலும் எழுந்திருக்கக் கூடாது. யாரும் இதை முழுசாக நம்புவதில்லை. மீறிப் பார்க்கும் துணிச்சலும் யாருக்கும் இல்லை.

லோரனுக்கு இதில் சொந்தக் காயமே இருந்தது. அவனுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது கொக்குகள் கோப்பைக்கான கடைசி ஆட்டம் வரை போனார்கள். அப்பா சமையலறை ரேடியோவின் முன்னால் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார். பையன் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தான். அந்த நொடியில் எதிரணிக்காரன் அடித்த பந்து வேலியைத் தாண்டிப் போனது. அப்பா திரும்பிப் பார்த்து, "நீ உள்ள வந்தே, எல்லாம் போச்சு" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் மறந்திருக்கும். அதற்குப் பிறகு முக்கியமான ஆட்டம் என்றால் லோரன் நிலவறைப் படிக்கட்டில்தான் உட்கார வேண்டும். மார்லிஸ் அவ்வப்போது வந்து கதவிடுக்கில் வாயை வைத்து ஸ்கோர் சொல்லுவாள். ரொட்டித் துண்டும் நீட்டுவாள். "இருடா, தோத்ததும் கூப்பிடுறேன்" என்பாள். தோற்றால்தான் அவனை உள்ளே விடுவார்கள்.

ஆகவே அக்கா வராதே என்றபோது அவருக்குக் கோபம் வரவில்லை. பழகிய இடத்தில் போய் உட்காருவது போல ஒத்துக்கொண்டார். உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் குழாயையும் அக்காவின் மெலிந்த கையையும் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. என்ன போயிற்று, இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். கொக்குகளை அவருக்குத் தெரியாதா? தோற்பார்கள், போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

கொக்குகள் தோற்கவில்லை.

முழங்கையில் தையல் போட்ட கிழவன் எதிரணியை ஒரு ரன்கூட எடுக்க விடாமல் சுருட்டினான். எவனும் வேண்டாம் என்று தள்ளியவன் மழையில் வழுக்கி விழுந்துகொண்டே பந்தைப் பிடித்தான். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அக்கா போன் செய்வாள்.

"கேட்டியா?"

"கேட்டேன். குருட்டு அதிர்ஷ்டம்."

"உனக்கு வயிறு எரியுது."

"நாளைக்குப் பாரு. நாளைக்கு அந்தச் சின்னப் பையன் பந்து போடுறான். பால்குடியே மறக்காத வயசு. அடிச்சுத் துவைச்சுடுவானுங்க."

"துவைச்சா நீ வந்துடு. ஜோலின் நல்லா காபி போடுவா."

சின்னப் பையனை யாரும் துவைக்கவில்லை. ஏரியில் பனிக்கட்டி உடைந்து கரையொதுங்கியது. ஊர்க்காரர்கள் படகுகளை வெளியே எடுத்தார்கள், லோரனின் கொட்டகை மோட்டார்களால் நிறைந்தது. எண்ணெய்க் கையோடு ரேடியோவைக் கேட்டுக்கொண்டே வேலை செய்தார். ஊரெல்லாம் கூத்தாடியபோது அவருக்கு மட்டும் ஒவ்வொரு வெற்றியும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. போனில் அக்காவின் குரல் சன்னமாகிக்கொண்டே வந்தது. முதலில் ஒரு ஆட்டத்தை முழுக்க அலசுவாள். பிறகு கடைசி இன்னிங்ஸை மட்டும். பிறகு, "ஜெயிச்சுட்டானுங்கடா" என்று ஒரே வாக்கியம், நடுவில் மூச்சு வாங்க ஒரு நிறுத்தம்.

ஒரு நாள் மத்தியானம் ஜோலின் தனியாகக் கூப்பிட்டாள்.

"மாமா, அம்மா சாப்பிடுறதே இல்ல. நர்ஸ் வந்து மருந்தோட அளவைக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. நீங்க கிளம்பி வாங்க."

"வரச் சொன்னாளா?"

"அவங்க எங்க சொல்லுவாங்க? ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. நான் சொல்றேன், வாங்க."

"ரெண்டு நாள் பொறும்மா. நாளைக்கு வெளியூர்ல ஆட்டம். அங்க போய் இவனுங்க ஜெயிச்சதா சரித்திரமே இல்ல. கண்டிப்பா தோப்பானுங்க. தோத்த உடனே வண்டியை எடுக்குறேன்."

"தோப்பானுங்க தோப்பானுங்கன்னு சொல்லியே ஏப்ரல் போயிடுச்சு மாமா."

"நான் உள்ள வந்து அவனுங்க தோத்து, அவ மனசு உடைஞ்சா? அவளுக்கு இப்ப இருக்குறதே அது ஒண்ணுதானேம்மா."

ஜோலின் போனை வைத்துவிட்டாள். மறுநாள் வெளியூரில் கொக்குகள் ஜெயித்தார்கள். சரித்திரத்தில் முதல் முறை என்று ரேடியோக்காரன் தொண்டை கிழியக் கத்தினான். லோரன் கையில் இருந்த ஸ்பேனரை சுவரில் விட்டெறிந்தார்.

இந்த இடத்தில் லோரனைப் பிடித்து உலுக்கலாம் என்று யாருக்கும் தோன்றும். அவருக்கே தோன்றியது. அன்று மாலை கண்ணாடி முன் நின்று தன்னையே திட்டிக்கொண்டார், கிழட்டு முட்டாளே, ராசியாவது மண்ணாவது என்று. வண்டிச் சாவியை எடுத்தார். பிறகு, நாளை நிச்சயம் தோற்பார்கள், ஒரே ஒரு நாள், அவள் சொன்னபடியே போனால் அவளுக்கும் சந்தோஷம் என்று சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டம். தூறலோடு குளிர் காற்று. கிழவனின் கை அன்று வேலை செய்யவில்லை. அடி மேல் அடி. மொத்தம் ஒன்பதில் எட்டாவது இன்னிங்ஸ் வரும்போது கொக்குகள் நான்கு ரன் பின்னால் இருந்தார்கள். ரேடியோக்காரனின் குரலே செத்துப்போயிருந்தது.

லோரன் எழுந்து கை கழுவினார். சுத்தமான சட்டை போட்டார். வழியில் சீஸ் தொழிற்சாலைக் கடையில் அன்றைக்குப் போட்ட சீஸ் கட்டிகள் ஒரு பை வாங்கினார். புதுசாக இருந்தால் கடிக்கும்போது பல்லில் கீச்சென்று சத்தம் வரும். மார்லிஸுக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். தின்ன முடியாவிட்டாலும் காதருகே கடித்துக் காட்டலாம். பல நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. தன் அணி தோற்கிற சந்தோஷத்தில் ஒரு மனிதன் விசிலடித்துக்கொண்டு வண்டி ஓட்டினான் என்று சொன்னால் ஆர்லோ அவரைக் கடைக்குள்ளேயே விடமாட்டான்.

அக்காவின் தெருமுனைக்கு வந்தபோது ஒன்பதாவது இன்னிங்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. கடைசி வாய்ப்பு. இருவர் அவுட். இன்னும் ஒருவன் போனால் ஆட்டம் முடிந்தது. அந்த ஒருவன் போகவில்லை. நாலு பந்து தவறாக வந்ததால் அடிக்காமலே நடந்து முதல் தளத்துக்குப் போனான். அடுத்தவன் அடித்தான். அதற்கடுத்தவனும் அடித்தான். லோரன் தேவாலயத்தின் ஓரமாக வண்டியை நிறுத்தினார். அங்கிருந்து அக்காவின் முன்னறை ஜன்னல் தெரிந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

எவனும் வேண்டாம் என்று தள்ளியவன் மட்டையோடு வந்தான்.

"வேண்டாம்டா" என்றார் லோரன் ரேடியோவைப் பார்த்து. "உனக்குப் புண்ணியமாப் போகும். விட்டுடுடா."

பந்து வேலிக்கு மேலே பறந்தது. ஸ்கோர் சமமானது.

பேஸ்பாலில் சமநிலை என்று கைகுலுக்கிக்கொண்டு போகிற வழக்கம் கிடையாது. ஒருவன் தோற்கும்வரை ஆட வேண்டும். பத்தாவது இன்னிங்ஸ் போனது. பதினொன்றாவது போனது. வண்டிக் கண்ணாடியில் தூறல் வழிந்தது. லோரன் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் முறையாக, "தோத்துத் தொலைங்கடா, தோத்துத் தொலைங்க" என்று சத்தமாகச் சொன்னார். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

பன்னிரண்டாவதில் கொக்குகள் ஜெயித்தார்கள்.

நாலு வீடு தள்ளித்தான் கதவு. இறங்கி நடந்தால் போதும், தட்டக்கூட வேண்டாம். லோரன் வண்டிக்கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார். ஈரத்தில் ஷூ பதிந்தது. உள்ளே அக்கா இப்போது சிரித்துக்கொண்டிருப்பாள். இந்த வெற்றி அவளை இன்னும் ஒரு வாரம் தாங்கும். நான் நுழைந்து, நாளை மறுநாள் அவர்கள் தோற்றால் அவள் என்ன நினைப்பாள்? சமையலறையில் அப்பா திரும்பிப் பார்த்த முகம் கண்முன் வந்தது. காலை உள்ளே இழுத்துக்கொண்டார். இந்த அதிர்ஷ்டம் இனி தாங்கவே தாங்காது, அடுத்த ஆட்டத்தில் தீர்ந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வண்டியைத் திருப்பினார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்த சற்று நேரத்தில் போன் வந்தது.

"ஜெயிச்சுட்டானுங்கடா." குரல் காற்றாகத்தான் இருந்தது.

"கேட்டேன்கா."

"எங்க... இருந்து கேட்டே?"

"வீட்லதான். கொட்டகையில."

குழாயில் காற்று போய் வருகிற சத்தம் மட்டும் கேட்டது.

"சரி" என்றாள். "சாப்பிடு."

திங்கட்கிழமை ஆட்டம் கிடையாது. செவ்வாய் விடியும்போது மார்லிஸ் போய்விட்டாள். ஜோலின் சொன்னபோது லோரனுக்கு முதலில் வந்த நினைப்பு, அடுத்த ஆட்டமே இன்னும் நடக்கவில்லையே, அதற்குள் எப்படி என்பதுதான். அப்படி நினைத்ததற்காக அவர் தன்னை மன்னிக்கவே இல்லை.

வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அவர் போய்ச் சேருவதற்குள் கொண்டுபோய்விட்டிருந்தார்கள். அக்கா தன் உடலை மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வைத்திருந்தாள், அவர்கள் காத்திருக்கவில்லை. முன்னறையில் கட்டில் மட்டும் இருந்தது. விரிப்பைக்கூட எடுத்துவிட்டிருந்தார்கள். ஜோலின் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"மாமா, ஒண்ணு கேக்கட்டுமா? ஞாயித்துக்கிழமை நீங்க வந்தீங்கல்ல?"

லோரன் தலையைக் குனிந்துகொண்டார்.

"அம்மா பாத்தாங்க. எட்டாவது இன்னிங்ஸ்லயே, அவன் கிளம்பியிருப்பான், காபி போடுன்னாங்க. தலை வாரிவிடச் சொன்னாங்க. கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னாங்க. உங்க வண்டி வந்து நின்னதும் சிரிச்சாங்க பாருங்க... அப்புறம் அந்தப் பாவி அடிச்சுட்டான்."

"சந்தோஷப்பட்டாளா?"

"சந்தோஷமா? ரேடியோவை நிறுத்துடீன்னாங்க. வாழ்நாள்ல அவங்க ரேடியோவை நிறுத்திப் பாத்ததே இல்ல மாமா. நான் ஓடிப்போய்க் கூட்டிட்டு வர்றேன்னேன். வேண்டாம், கதவைத் திறந்து வை, அவனா வரட்டும்னாங்க. வாசக்கதவைத் திறந்தே வெச்சிருந்தேன். குளிர் காத்து அடிச்சு, போர்வை மேல போர்வையா போத்தி விட்டேன். நீங்க காலைக் கீழ வெச்சதை ரெண்டு பேரும் பாத்தோம். வண்டி திரும்பினதும்தான், ஜெயிச்சுட்டானுங்கன்னு அம்மாவுக்குத் தெரிஞ்சது."



"அப்ப ஏன் வராதேன்னு சொன்னா?" என்று கேட்டார் லோரன்.

"விளையாட்டாத்தான் சொன்னாங்க. ரெண்டு நாள்ல தோத்துடுவானுங்க, அதுக்குள்ள நான் கொஞ்சம் தேறி உக்காந்துடுவேன், அவன் என்னை இப்படிப் பாத்தா பயந்துடுவான்னாங்க. அவங்களுக்கும் அந்த டீம் மேல நம்பிக்கை இல்ல மாமா. உங்களை மாதிரியேதான். ஜெயிக்க ஜெயிக்க, சொன்ன வார்த்தையை எப்படித் திரும்ப எடுக்குறதுன்னு தெரியாம மாட்டிக்கிட்டாங்க. போன்ல கேட்டாங்களே, எங்க இருந்து கேட்டேன்னு. தெருமுனையிலன்னு நீங்க சொல்லியிருந்தா, திரும்பி வாடான்னு சொல்லலாம்னு இருந்தாங்க."

லோரன் அன்று அங்கேயே தங்கிவிட்டார். செவ்வாய் ஆட்டத்தை யாரும் கேட்கவில்லை. ஜெயித்தார்கள் என்று மறுநாள் காலை பால் வாங்கப் போன இடத்தில் யாரோ சொன்னார்கள்.

புதன் பகலில் ஜோலின் சர்ச்சுக்காரர்களைப் பார்க்கப் போயிருந்தாள். வீட்டில் லோரன் தனியாக இருந்தார். சீஸ் கட்டிப் பையை வண்டியிலிருந்து எடுத்து வந்து மேசைமேல் வைத்திருந்தார். மூன்று நாளில் அது சத்தம் போடாது, ரப்பர் மாதிரி ஆகிவிடும். என்னவோ தூக்கிப்போட மனம் வரவில்லை. ஜன்னலோரம் இருந்த ரேடியோவை அவரே போட்டார். சின்னப் பையன் பந்து வீசிக்கொண்டிருந்தான். முதல் இன்னிங்ஸிலேயே அடித்துத் துவைத்தார்கள். அவர் ஏப்ரல் முழுக்கச் சொன்ன ஒவ்வொன்றும் வரிசையாக நடந்தது. பந்து கைநழுவியது, கல் எதிரணிப் பக்கம் சேர்ந்துகொண்டது, கிழவனின் முழங்கை மறுபடி போய்விட்டது என்று நடுவில் ஒரு செய்தியும் வந்தது. பதினொன்றுக்கு ஒன்று என்று கொக்குகள் தோற்றார்கள். இனி இவர்கள் எழுந்திருக்கப் போவதில்லை என்று லோரனுக்குத் தெரிந்தது. அவர் சொன்னது சரியாகிப்போனது.

ரேடியோவை நிறுத்தினார். நாற்காலியை இழுத்து விரிப்பில்லாத கட்டிலின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"தோத்துட்டானுங்கக்கா" என்றார். "வந்துட்டேன்."